யாரோடு யார் மோதுவது?

2024 செப்டம்பர் 3 அன்று பாரிஸில் ஆண்களுக்கான உயரம் தாண்டுதல், டி63 பிரிவு இறுதிப் போட்டி நடந்தது. அமெரிக்காவின் எஸ்ரா ஃபிரெச் 1.94 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பீகாரைச் சேர்ந்த சரத் குமாருக்கு 1.88 மீட்டரில் வெள்ளி. நம் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றார். ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கத்தோடு திரும்பியவர் அவர்.

மறுநாள் எதிர்வீட்டு அம்மா என்னிடம் கேட்டார்: "ஏன் டாக்டரம்மா, அந்த அமெரிக்கப் பையன் பிளேடு மாட்டிக்கிட்டுத் தாண்டுறான். நம்ம பையன் வெறுங்காலோட தாண்டுறான். ரெண்டு பேரையும் ஒண்ணா விடலாமா?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஃபிரெச் இடது முழங்கால் இல்லாமல் பிறந்தவர். சரத் குமாருக்குச் சிறுவயதில் போலியோ தாக்கி இடது கால் பாதிக்கப்பட்டது. மாரியப்பனுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. பிறவிக் குறை, நோய், விபத்து என்று மூன்று வேறு காரணங்கள். இந்த மூவரையும் ஒரே கம்பியின் முன் நிறுத்தியது வகைப்பாடு என்ற ஏற்பாடு. ஆடுகளத்தில் இதை யாரும் தமிழில் சொல்வதில்லை, கிளாசிஃபிகேஷன் என்பார்கள். நான் இயன்முறை மருத்துவர். மாநில அளவிலான தடகளப் போட்டிகளில் அந்தப் பரிசோதனை மேசைக்கு அருகே நின்று, பிள்ளைகளின் கைகால்களைப் பிடித்துப் பார்த்துத் தரம் எழுதும் வேலையைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். ஓர் ஊனம் ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோய் நிறுத்தும் என்பதைப் பயிற்சி மட்டும் தீர்மானிப்பதில்லை, யாரோடு மோதவிடுகிறார்கள் என்பதும் தீர்மானிக்கிறது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் மிகக் கடுமையான ஊனம் உள்ளவர்கள்தான் திரும்பத் திரும்ப வெளியே நின்றிருக்கிறார்கள்.

கதை ஒரு மருத்துவமனையில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை. நாஜிகளிடமிருந்து தப்பி 1939-இல் ஜெர்மனியை விட்டு வந்த யூத நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் அங்கே தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். போரில் முதுகெலும்பில் குண்டடி பட்ட சிப்பாய்கள் அதற்கு முன்பெல்லாம் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் செத்துப்போவார்கள். அவர்களைத் தேற்றுவது வீண் என்பதே பொது எண்ணம். குட்மன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். இன்றைக்கும் எங்கள் வார்டுகளில் அதே விதிதான். உயிர் தங்கியதும் அடுத்த கேள்வி வந்தது. உயிரோடு இருப்பவனுக்கு வாழ்க்கை வேண்டாமா?

1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேர் வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். அவர்களில் இருவர் பெண்கள். 1952-இல் நெதர்லாந்து வீரர்கள் வந்து சேர, அது பன்னாட்டுப் போட்டியானது. 1960-இல் ரோமில் 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் கலந்துகொண்டனர். முதல் பாராலிம்பிக் என்று இன்று எண்ணப்படுவது அதுதான். அங்கே வந்தவர்களும் தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்கள்தான். கை கால் இழந்தவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் 1976-இல் டொரொன்டோவில்தான் கதவு திறந்தது. மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் 1980 ஆர்னெம் வரை காத்திருந்தார்கள்.

மருத்துவமனையில் பிறந்த விளையாட்டு என்பதால் அதன் விதிகளும் மருத்துவர்கள் எழுதியவையே. தண்டுவடத்தில் எந்த மட்டத்தில் காயம் என்று பார்ப்பார்கள். கழுத்தா, மார்பா, இடுப்பா? மேலே போகப்போகப் பாதிப்பு கடுமை. அந்த மட்டத்தை வைத்து வகுப்பு. ஈட்டி எறிந்தாலும் நீந்தினாலும் கூடைப்பந்து ஆடினாலும் வகுப்பு அதேதான். 1972-இல் ஹைடெல்பெர்க்கில் இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த முரளிகாந்த் பேட்கர் இந்த முறையில்தான் போட்டியிட்டார். 1965 போரில் குண்டடிபட்டு உடல் செயலிழந்த ராணுவ வீரர் அவர். முன்பு குத்துச்சண்டை வீரர். அவர் 37.33 விநாடியில் வென்ற பந்தயத்தின் பெயர் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் 3. அந்த மூன்று என்பது வகுப்பு எண்.

இந்த முறையில் ஓட்டை இருந்தது, அது பெரிய ஓட்டை. போலியோவால் கால் சூம்பியவரையும் தண்டுவடம் அறுந்தவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் கால் வேலை செய்யாது. ஆனால் போலியோ தொடு உணர்வைத் தொடாது, தசையை மட்டும்தான் பாதிக்கும். பல போலியோக்காரர்களுக்கு முதுகும் வயிறும் உறுதியாக இருக்கும். தண்டுவடம் மார்பு மட்டத்தில் அறுந்தவருக்கோ மார்புக்குக் கீழே எதுவும் தெரியாது, நாற்காலியில் முன்னே சாய்ந்தால் தானாக நிமிரவும் முடியாது. காகிதத்தில் அருகருகே இருக்கும் இந்த இருவரும் களத்தில் இரண்டு உலகம். சிக்கலைத் தீர்க்கத் தசைகளை ஒவ்வொன்றாகத் தரம் பிரித்துப் புள்ளி போட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் உருவான பூஜ்யம் முதல் ஐந்து வரையிலான தரவரிசை அதற்கு அடிப்படை. பூஜ்யம் என்றால் தசையில் துடிப்பே இல்லை. மூன்று என்றால் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடியும், ஆனால் நான் கையை வைத்து அழுத்தினால் தாங்காது. ஐந்து முழு பலம்.

கை கால் இழந்தவர்கள், பார்வையற்றவர்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் என்று ஒவ்வொரு கூட்டமும் தனக்கென்று வகுப்புகளோடு வந்து சேர்ந்தபோது எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் போனது. 1988 சியோலில் சுமார் 3,000 பேருக்கு 700-க்கும் மேற்பட்ட பதக்கப் பந்தயங்கள். சிலவற்றில் ஓடுவதற்கே ஆள் போதவில்லை. இதற்கு விடை கூடைப்பந்தாட்டத்திலிருந்து வந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹோர்ஸ்ட் ஸ்ட்ரோகெண்டல் என்ற ஆய்வாளர், மருத்துவ அறிக்கையைத் தள்ளிவைத்துவிட்டு ஆட்டக்காரர் களத்தில் என்ன செய்கிறார் என்று பார்க்கச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் சாய்ந்து பந்தை எடுக்க முடிகிறதா? இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் உடம்பு நிற்கிறதா, சரிகிறதா? அதை வைத்து ஒவ்வொருவருக்கும் 1.0 முதல் 4.5 வரை புள்ளி. களத்தில் நிற்கும் ஐந்து பேரின் மொத்தம் 14-ஐத் தாண்டக் கூடாது.

இந்தப் பதினான்கு என்ற எண்ணுக்கு நான் பெரிய மரியாதை தருகிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு 4.5 ஆட்டக்காரர்களை இறக்கினால் 9 போய்விடும். மிச்சம் 5-ஐ மூன்று பேருக்குப் பங்கிட வேண்டும். உதாரணமாக, இரண்டு 2.0, ஒரு 1.0. உடம்பைத் தாங்கிப் பிடிக்க முடியாத அந்த 1.0 போன்ற குறைந்த புள்ளி ஆட்டக்காரர்கள் இல்லாமல் பயிற்சியாளரால் இப்படி ஓர் அணியை இறக்க முடியாது. கடும் ஊனம் உள்ளவருக்கு யாரும் இரக்கப்பட்டு இடம் கொடுக்கவில்லை, விதியே அவரைத் தேவைப்படுபவர் ஆக்கியது. மாற்றுத்திறன் விளையாட்டின் வரலாற்றிலேயே மிக நேர்மையான கண்டுபிடிப்பு இதுதான் என்பது என் தீர்ப்பு.

அப்படியும் சிலர் வெளியே நின்றார்கள். கழுத்து முறிந்தவர்களுக்கு விரல்களும் மடங்காது. கூடைப்பந்தை வாங்கவும் வீசவும் முடியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். 1977-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் அப்படிப்பட்ட சிலர் சேர்ந்து தங்களுக்கென்று ஓர் ஆட்டத்தை உருவாக்கினார்கள். அதுதான் சக்கர நாற்காலி ரக்பி. நாற்காலியை நாற்காலியால் மோதித் தடுக்கலாம், பந்தை மடியில் வைத்து ஓட்டலாம். நான்கு பேர், ஒவ்வொருவருக்கும் 0.5 முதல் 3.5 வரை புள்ளி, மொத்தம் 8. சிட்னி 2000-இல் அது பதக்க ஆட்டமானது. மூளை முடக்குவாதம் கடுமையாக உள்ளவர்களுக்காக 1984-இல் போச்சா வந்தது. தோல் பந்துகளை உருட்டியோ எறிந்தோ வெள்ளைப் பந்துக்கு அருகே கொண்டுசேர்க்கும் ஆட்டம். கையால் எறியவே முடியாதவர்களுக்கு அதில் ஒரு சரிவுப் பலகை உண்டு. உதவியாளர் பலகையை நகர்த்துவார், ஆனால் களத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்த்தால் தண்டனை. எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்ற முடிவெல்லாம் ஆட்டக்காரருடையது. தலையில் கட்டிய கம்பியால் பந்தைத் தள்ளிவிடுபவர்கள்கூட அதில் உலக அளவில் ஆடுகிறார்கள்.

இந்த விளையாட்டில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வெளியில் தெரியும் ஊனத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், உள்ளே இருப்பது தெரிவதில்லை. ஆரோக்கியமான இருபது வயதுக்காரர் மூச்சிறைக்க ஓடினால் இதயம் நிமிடத்துக்கு 200 வரை துடிக்கும். இதயத்தை விரட்டும் நரம்புகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதி மேல்மட்டத்திலிருந்து கிளம்புகின்றன. கழுத்தில் தண்டுவடம் முழுதாக அறுந்தவருக்கு அந்த விரட்டல் கிடையாது. எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு 120, 130-ஐ ஒட்டி நின்றுவிடும். காயத்துக்குக் கீழே வியர்வையும் சுரக்காது. வெயிலில் உடம்பு கொதித்துக்கொண்டே போகும். அதனால்தான் அவர்களின் பயிற்சியாளர்கள் கையில் தண்ணீர் தெளிப்பானை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இந்தக் குறையை ஈடுகட்டச் சிலர் செய்த காரியம் மனதை உலுக்குவது. காயம் மார்பின் ஆறாவது முள்ளெலும்புக்கு மேலே இருந்தால், உணர்வில்லாத பகுதியில் ஏற்படும் வலியோ நிரம்பிய சிறுநீர்ப்பையோ ரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும். அந்த ஏற்றத்தில் உடம்புக்கு வேகம் கிடைக்கிறது என்று கண்டவர்கள் சிறுநீர்க் குழாயை அடைத்துக்கொண்டார்கள். கால் விரலை உடைத்துக்கொண்டவர்களும் உண்டு. களத்தில் இதற்கு பூஸ்டிங் என்று பெயர். மூளையில் ரத்தம் கசிந்து சாகவும் நேரிடும் என்பதால் 1994-இல் பன்னாட்டுப் பாராலிம்பிக் குழு அதைத் தடை செய்தது. பந்தயத்துக்கு முன் ரத்த அழுத்தத்தை அளக்கிறார்கள். ஒரு வகுப்புக்குள்ளேயே உடம்புகள் எவ்வளவு வேறுபடுகின்றன, அந்த வேறுபாட்டைத் தாண்ட மனிதர்கள் எந்த அளவுக்குப் போவார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஏமாற்றியவர்களும் உண்டு. சிட்னி 2000-இல் அறிவுசார் குறைபாடு உடையோருக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வென்றது. அந்த அணியிலேயே ஆடிய பத்திரிகையாளர் கார்லோஸ் ரிபகோர்தா பிறகு உண்மையை எழுதினார். பன்னிரண்டு பேரில் பத்துப் பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை. பதக்கம் பறிபோனது. தண்டனையை அனுபவித்தது யார்? உண்மையிலேயே அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள். ஏதென்ஸ், பெய்ஜிங் இரண்டு பாராலிம்பிக்கிலும் அவர்களுக்குப் போட்டியே இல்லை. 2012 லண்டனில்தான், அதுவும் தடகளம், நீச்சல், மேசைப்பந்து ஆகிய மூன்றில் மட்டும் திரும்ப அனுமதித்தார்கள். இருபது வயதில் உச்சத்தில் இருந்த ஒருவருக்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2007-இல் எல்லா விளையாட்டுக்கும் பொதுவான வகைப்பாட்டு விதித்தொகுப்பு வந்தது. தகுதி பெறும் குறைபாடுகள் பத்து என்று வரையறுத்தார்கள். தசை பலம் குறைவு, மூட்டு அசைவுக் குறைவு, உறுப்பு இழப்பு, கால் நீள வேறுபாடு, குட்டை உருவம், தசை இறுக்கம், தள்ளாட்டம், கட்டுப்படாத அசைவு, பார்வைக் குறைவு, அறிவுசார் குறைபாடு. தாங்க முடியாத வலி மட்டும் இருந்தால் இதில் இடமில்லை. குறைபாடு நிரந்தரமானது என்று நிரூபிக்கவும் வேண்டும். லண்டனில் நூறு மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற அமெரிக்கப் பெண் விக்டோரியா ஆர்லனை மறு ஆண்டே தகுதியற்றவர் என்று நிறுத்தினார்கள். அவருடைய பாதிப்பு நிரந்தரம் என்பதற்கான ஆதாரம் போதவில்லை என்றார்கள். பின்னாளில் அவர் நடந்தார். டோக்கியோவில் நம் நாட்டின் வினோத் குமார் எஃப்52 வட்டு எறிதலில் மூன்றாவதாக வந்தும், அந்த வகுப்பில் அவரைச் சேர்க்க முடியவில்லை என்று பரிசோதகர்கள் சொல்லிவிட, மறுநாள் வெண்கலம் ரத்தானது.

இவ்வளவு பெரிய முடிவுகள் எடுக்கப்படும் அந்த மேசை பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானது. ஒரு கட்டில், ஒரு கோணமானி, ஓர் அளவு நாடா, பரிசோதகர்கள் குறைந்தது இரண்டு பேர். சென்னையில் ஒரு மாநிலப் போட்டிக்கு முன்பு, மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண் பிள்ளையைப் படுக்கவைத்தேன். பதினைந்து வயது இருக்கும். "காலை லூசா விடும்மா" என்று சொல்லி, பாதத்தைப் பிடித்து வேகமாக மேலே தள்ளினேன். பாதம் என் உள்ளங்கையில் தட தடவென்று அடிக்க ஆரம்பித்தது. தசை இறுக்கத்துக்கு இது தெளிவான அடையாளம். எத்தனை துடிப்பு என்று எண்ண வேண்டும். அதற்குள் அவள் அம்மா குறுக்கே வந்தார். "பயத்துல நடுங்குறா டாக்டரம்மா. வீட்டுல இப்படியெல்லாம் இல்ல. நல்லா ஓடுவா. பாப்பா, காலை ஆட்டாம வச்சுக்கடி!"

அந்தப் பிள்ளையும் பல்லைக் கடித்துக்கொண்டு காலை அசையாமல் வைக்கப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். கல்யாண வீட்டில், பள்ளியில், பேருந்தில், எங்கே போனாலும் தெரியாமல் மறைத்துக்கொள். "மறைக்காதே கண்ணு, உன் கால் எப்படி இருக்கோ அப்படியே விடு, இங்க அதுதான் வேணும்" என்று நான் அவளிடம் பொறுமையாகச் சொன்னேன். வியர்த்துப்போன அந்தப் பாதம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. தசை இறுக்கம் குளிரிலும் களைப்பிலும் பதற்றத்திலும் கூடிக் குறையும். ஆகவே அறையில் பார்ப்பதோடு விட மாட்டோம், ஓடவிட்டுப் பார்ப்போம், போட்டியிலும் கவனிப்போம். ஆனால் முதல் நாளில் குறையை மறைத்த பிள்ளை தன்னைவிடப் பாதிப்பு குறைந்தவர்களோடு போய் நிற்பாள். எட்டாவது இடம் வருவாள். "நமக்கு இது சரிப்படாது" என்று வீட்டுக்குப் போய்விடுவாள்.

சான்றிதழ்க் குழப்பமும் உண்டு. "அறுபது சதவீதம்னு போட்டிருக்கு மேடம்" என்று அரசு அட்டையை நீட்டுவார்கள். அந்தச் சதவீதம் உதவித்தொகைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் பேருந்துச் சலுகைக்கும் உதவும். களத்தில் அதற்கு வேலை இல்லை. அறுபது சதவீதக்காரர் ஒரு விளையாட்டில் தகுதி பெற்று இன்னொன்றில் தகுதியற்றுப் போகலாம். நாற்பது சதவீதக்காரருக்கு அருமையான வகுப்பு அமையலாம்.

வகுப்பு கிடைத்தால் மட்டும் போதுமா? அந்த வகுப்புக்குப் பந்தயம் இருக்க வேண்டும். ராஜஸ்தானின் தேவேந்திர ஜஜாரியா எட்டு வயதில் மின்கம்பி தொட்டு இடது கையை இழந்தவர். 2004 ஏதென்ஸில் 62.15 மீட்டர் ஈட்டி எறிந்து உலக சாதனையோடு தங்கம் வென்றார். 2008-இலும் 2012-இலும் அவருடைய பிரிவு நிகழ்ச்சிப் பட்டியலிலேயே இல்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து ரியோவில் 63.97 மீட்டர் எறிந்து மறுபடியும் தங்கம் எடுத்தார். அவரைப் போல் காத்திருந்து வெல்ல எத்தனை பேரால் முடியும்? அவருக்குப் பின் டோக்கியோவில் அதே பிரிவில் 67.79 மீட்டர் எறிந்தவர் இலங்கை ராணுவத்தின் தினேஷ் பிரியந்த ஹேரத். இலங்கையின் முதல் பாராலிம்பிக் தங்கம் அது.

எதிர்மாறான கதை ஓசூரில் இருக்கிறது. குட்டை உருவம் உடையோருக்கான எஸ்எச்6 பிரிவில் ஆடும் நித்ய ஸ்ரீ சிவன் பாரிஸில் பாட்மின்டன் வெண்கலம் வென்றார். டோக்கியோவில் பாட்மின்டன் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது பெண்களுக்கான எஸ்எச்6 ஒற்றையர் ஆட்டம் கிடையாது, பாரிஸில்தான் சேர்த்தார்கள். அந்த ஒரு வரி சேராமல் போயிருந்தால் அவர் எவ்வளவு திறமையாக ஆடினாலும் நமக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. கையில் பாதிப்பு உள்ளவர்களுக்கான எஸ்யு5 பிரிவு முன்பே இருந்தது. அதில் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் வெள்ளியும் மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வென்றார்கள். மனிஷாவின் கைப்பாதிப்பு பிரசவத்தின்போது தோள் நரம்பு இழுபட்டு வருவது. என் தொழிலில் அடிக்கடி பார்க்கும் பாதிப்பு அது. அப்படிப்பட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மாரிடம் இப்போது மனிஷாவின் படத்தைக் காட்டுகிறேன்.

பந்தயங்களைக் குறைக்க வகுப்புகளைச் சேர்த்தும் விடுகிறார்கள். பாரிஸில் எஃப்44, எஃப்64 இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஈட்டி எறிதல். செயற்கைக்கால் அணிந்த சுமித் அன்டில் எஃப்64. இலங்கையின் சமித துலான் எஃப்44. துலான் 67.03 மீட்டர் எறிந்து தன் வகுப்பின் உலக சாதனையை உடைத்தார். கிடைத்தது வெள்ளி, ஏனென்றால் சுமித் 70.59 எறிந்திருந்தார். மாரியப்பன் விஷயத்திலும் இதுதான். 2018-இல் செயற்கைக்கால் அணிபவர்களை டி63 என்றும் அணியாதவர்களை டி42 என்றும் பிரித்தார்கள். ஆனால் பாராலிம்பிக்கில் இரண்டு வகுப்பையும் ஒரே கம்பியைத் தாண்ட வைத்தார்கள். எதிர்வீட்டு அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுவே. விதிப்படி சரி. முழுக்க நியாயமா என்றால், இல்லை. ஆனால் ஒவ்வொரு உடம்புக்கும் தனிப் பந்தயம் வைத்தால் மோதுவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எழுபது ஆண்டுகளாகக் கோட்டை நகர்த்தி நகர்த்திப் போடுகிறார்கள்.

கோடு நகரும்போதெல்லாம் நசுங்குபவர்கள் ஒரு பக்கத்துக்காரர்கள்தான் என்பதே என் ஆதங்கம். பாரிஸில் சுமார் 4,400 பேர் வந்தார்கள், பந்தயங்கள் 549. சியோலைவிட ஆள் அதிகம், பந்தயம் குறைவு. போட்டி இறுக இறுக, ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் பாதிப்பு குறைந்தவரே மேலே வருகிறார். கடும் ஊனம் உள்ளவருக்கு உதவியாளர் வேண்டும், தூக்கி ஏற்ற வண்டி வேண்டும், பல லட்சம் விலையுள்ள நாற்காலி வேண்டும். உலக அளவில் அவர்கள் வகுப்பில் ஆள் குறைவு என்று சொல்லிப் பந்தயத்தை எடுத்துவிடுவார்கள். பந்தயம் இல்லை என்பதால் ஆளும் வர மாட்டார்கள். ஆனால் இடம் கொடுத்தால் அவர்கள் வருகிறார்கள் என்பதற்கு பாரிஸிலேயே சாட்சி இருக்கிறது. விரல்கள் சரியாக மடங்காத எஃப்51 போன்ற வகுப்பினருக்காகவே உள்ளது மரக்கட்டை எறியும் கிளப் எறிதல். அதில் தரம்பீர் 34.92 மீட்டர் எறிந்து தங்கம், பிரணவ் சூர்மா 34.59 மீட்டரில் வெள்ளி. இரண்டும் இந்தியாவுக்கு. தரம்பீருக்குப் பயிற்சி அளித்தவர் அதே வகுப்பில் போட்டியிட்ட அமித் குமார் சரோஹா. ஹரியானாவில் ஒருவர் தொடங்கி வைக்க, அவர் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள்.

தமிழ்நாட்டில் பாரிஸ் பதக்கக்காரர்களுக்கு அரசு கோடிகளில் ஊக்கத்தொகை கொடுத்தது. மனதார வரவேற்கிறேன். முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருப்பதும் நல்லதே. ஆனால் என் மேசைக்கு வருபவர்களைப் பார்க்கும்போது, தானே பேருந்து ஏறி வரக்கூடிய பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். கழுத்து முறிந்த இளைஞர்களும், கையும் காலும் முறுக்கிக்கொண்ட மூளை முடக்குவாதக் குழந்தைகளும் மிக அரிதாகவே வருகிறார்கள். அவர்கள் இல்லாமல் இல்லை. மரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணற்றில் தலைகீழாகக் குதித்தவர்கள், இருசக்கர வாகன விபத்தில் சிக்கியவர்கள் எல்லோரும் என் மருத்துவமனை வார்டில் இருந்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போன பிறகு களத்துக்கு வருவதில்லை.

பி.டி. ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாரியப்பனை முதலில் களத்தில் இறக்கியது ஒரு பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான். விளையாட்டு வகுப்பு நேரத்தில் வகுப்பறையிலேயே உட்காரவைத்துவிட்டுப் போகும் அந்த ஒரு பிள்ளையை வெளியே கொண்டு வாருங்கள். பெற்றோர்களே, மருத்துவமனைக் கோப்பு, ஸ்கேன், அறுவை சிகிச்சைக் குறிப்பு எதையும் எறியாதீர்கள், வகைப்பாட்டுக்கு அவை வேண்டும். பரிசோதனை மேசையில் பிள்ளையின் குறையை மறைக்கச் சொல்லாதீர்கள். விளையாட்டுத் துறையிடம் நான் கேட்பது, மாவட்டத்துக்கு ஒரு போச்சா களம், ஒரு கிளப் எறியும் இருக்கை, அங்கே வர ஒரு சாய்தள வண்டி. போச்சாவுக்குப் பதின்மூன்று பந்தும் வழவழப்பான தரையும் போதும். பள்ளி அரங்கத்திலேயே கோடு போட்டுவிடலாம்.